எரிமலைப் படிகங்களைப் படிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

படி 1: மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

தடித்த லாவாப் பாளத்தின் நடுப்பகுதியைத் தவிர்த்து, காற்றில் வீசப்பட்டு விரைந்து குளிர்ந்த எரிமலைச் சாம்பலையோ நுரைத்த சிறு கற்களையோ எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாகக் குளிர்ந்த பாறையில், நாம் தேடும் நுண்துளிகள் (படிகத்துக்குள் சிக்கிய பாறைக்குழம்புத் துளிகள்) உள்ளுக்குள்ளேயே படிகமாக மாறிக் கெட்டுவிடும்.

படி 2: வளர்ச்சிப் பட்டைகளைக் காணுதல்

0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்த பாறைச் சீவலைத் தளவிளைவு நுண்ணோக்கியில் (ஒளியை ஒரே தளத்தில் அதிரச் செய்து பார்க்கும் கருவி) வைத்துத் திருப்பினால், பிளேஜியோகிளேஸ் என்னும் கால்சியமும் சோடியமும் கொண்ட கனிமத்தின் படிகங்களில் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற பட்டைகள் தெரியும். மையத்தில் கால்சியமும் விளிம்பில் சோடியமும் மிகுந்திருப்பது, பாறைக்குழம்பு படிப்படியாகக் குளிர்ந்ததற்கான வழக்கமான அடையாளம். விளிம்புக்கு அருகே கால்சியம் திடீரென உயர்ந்திருந்தால், வெப்பம் மிகுந்த புதிய குழம்பு உள்ளே புகுந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும். பிலிப்பைன்சின் பினாடுபோ எரிமலையில், 1991 ஜூன் 15 பெருவெடிப்புக்குச் சில நாட்களுக்கு முன் வெளிவந்த ஆண்டிசைட் (இடைத்தர சிலிக்கா கொண்ட) பாறையில் பசால்ட் (சிலிக்கா குறைந்த பாறை) துண்டுகள் இருந்தன. ஆழத்திலிருந்து ஏறிய பசால்ட், மேலே தேங்கியிருந்த டேசைட் (சிலிக்கா மிகுந்த) குழம்பில் கலந்ததற்கு அவையே சான்றாயின.

படி 3: சிக்கிய துளிகளைத் தேடுதல்

என் மதிப்பீட்டில் அதிகப் பொறுமையைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். வளரும் ஆலிவின் (பச்சை நிறக் கனிமம்) படிகத்தின் பள்ளங்களில் பாறைக்குழம்பு துளியாக அடைபட்டு, பின்னர் கண்ணாடியாக (படிகமாகாத திடப்பொருளாக) உறைகிறது. உதிரி ஆலிவின் மணிகளை எண்ணெயில் அமிழ்த்திப் பார்த்தால், மேற்பரப்பின் ஒளிச்சிதறல் குறைந்து, பழுப்பு நிற உருண்டைகள் தெளிவாகும். விரிசல் தொட்டுச் செல்லும் துளியைத் தயங்காமல் ஒதுக்குங்கள். அதிலிருந்த வாயு கசிந்திருக்கும்.

படி 4: உள்ளேயும் வெளியேயும் ஒப்பிடுதல்

படிகத்துக்கு வெளியே உள்ள கண்ணாடி, வெடிப்பின்போது தன் நீராவியையும் கந்தகத்தையும் பெரும்பாலும் இழந்திருக்கும். உள்ளே அடைபட்ட துளியோ அவற்றைக் காத்து வைத்திருக்கும். இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை, வெளிவந்த குழம்பின் மொத்த நிறையோடு பெருக்கினால், வெளியேறிய வாயுவின் குறைந்தபட்ச அளவு கிடைக்கும். அழுத்தம் கூடக் கூடக் குழம்பில் கரையும் நீரின் அளவும் கூடுவதால், ஆழத்தையும் மதிப்பிடலாம்: பசால்ட் துளியில் எடையில் 4 சதவீதம் நீர் இருந்தால், அது குறைந்தது சுமார் 6 கி.மீ. ஆழத்தில் அடைபட்டிருக்க வேண்டும். துளிக்குள் ஒரு சிறு குமிழி தென்பட்டால் அதையும் சேர்த்தே அளக்குமாறு ஆய்வகத்தாரிடம் சொல்லுங்கள்; கண்ணாடி சுருங்கும்போது கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதி அந்தக் குமிழிக்குள் போய்விடக்கூடும் என்பதால், கண்ணாடியை மட்டும் அளந்தால் ஆழம் குறைவாகவே வரும்.