நகலின் பின்பக்கம்: வக்கீல் ஆபீஸில் புதிதாகச் சேர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் ஆபீஸில் சேர்ந்த தம்பி, தீர்ப்பு நகலை வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டு, "அப்பீல் போட இன்னும் நிறைய நாள் இருக்குண்ணே" என்றார். நகலை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். எரிச்சல் அவர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை.

சென்னையின் பெரிய சட்ட நிறுவனங்கள் இந்த வேலைக்கு 'பாராலீகல்' என்று பெயர் வைத்திருக்கின்றன. கோர்ட் வராந்தாவில் இன்னும் குமாஸ்தாதான். (சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் என்பது 2009-ல் வந்த வேறு திட்டம். இரண்டையும் குழப்பிக்கொண்டு வேலை கேட்டு வருகிறவர்கள் உண்டு.) நேரத்துக்கு வா, கேஸ் கட்டைத் தொலைக்காதே என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நகல் கைக்கு வந்த நாள் வரை கழிப்பது

சப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து மாவட்டக் கோர்ட்டுக்குப் போக 30 நாள். ஹைகோர்ட்டுக்கு என்றால் 90. நகல் வாங்க ஆகும் நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று 1963-ம் வருடத்து லிமிடேஷன் (காலவரம்பு) சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. அந்த 'ஆகும் நாட்கள்' எவை என்பதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள்.

நகலின் பின்பக்கம் ஒரு முத்திரை இருக்கும். அதில் ஐந்து தேதிகள்: நகல் கேட்டு மனு போட்ட நாள், நகல் கட்டணத்துக்கான ஸ்டாம்பை கோர்ட் கேட்ட நாள், ஸ்டாம்ப் கட்டிய நாள், நகல் தயாரான நாள், நகல் கொடுத்த நாள். மனு போட்டதிலிருந்து ஸ்டாம்ப் கேட்கும் வரை கோர்ட் எடுத்துக்கொண்ட நேரம், அதைக் கழிக்கலாம். நோட்டீஸ் போர்டில் ஸ்டாம்ப் கேட்டு ஒட்டிய பிறகு நீங்கள் போய்க் கட்டாமல் இருந்த நாட்கள் உங்கள் தலையில். கட்டியதிலிருந்து தயாராகும் வரை மறுபடி கோர்ட் கணக்கு. தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்கள் மறுபடி உங்கள் தலையில்.

என் கதை இது. தீர்ப்பு மார்ச் 3. நகல் மனு மார்ச் 10. ஸ்டாம்ப் கேட்டது மார்ச் 24. போர்டைப் பார்க்காமல் விட்டு நான் கட்டியது ஏப்ரல் 2. நகல் தயார் ஏப்ரல் 9. நான் ஆடி அசைந்து போய் வாங்கியது ஏப்ரல் 21. மார்ச் 10 முதல் ஏப்ரல் 21 வரை மொத்தமாக 43 நாள் கழித்தேன். கடைசி நாள் மே 15 என்று வந்தது. மே மாதம் கோடை விடுமுறை. விடுமுறைக்குள் கெடு முடிந்தால் கோர்ட் திறக்கும் நாளில் போடலாம் அல்லவா? கட்டின் மேல் 'ஜூன் 2' என்று சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன்.

சரியான கணக்கு: முதல் பகுதி 15 நாள், இரண்டாவது 8 நாள், ஆக 23. முப்பது நாள் ஏப்ரல் 2-ல் முடிகிறது, அதோடு 23 சேர்த்தால் ஏப்ரல் 25. விடுமுறைக்கு முன்பே கெடு முடிந்துவிட்டது. விடுமுறை அதற்குக் கை கொடுக்காது. ஜூன் 2-ல் போட்டால் 38 நாள் தாமதம்.

அப்புறம் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் டிலே மனுதான். இந்த மனுக்களின் அபிடவிட்டில் கட்சிக்காரருக்கு மஞ்சள் காமாலை வருவதும், நாட்டு மருந்து சாப்பிட்டுப் படுக்கையில் கிடப்பதும் ஊரறிந்த வழக்கம். எங்கள் வக்கீல் சார் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "நடந்ததை அப்படியே எழுது" என்றார். குமாஸ்தா நாளைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டார் என்று என் கையாலேயே டைப் அடித்தேன். டிலே மனு முடிவாகாமல் அப்பீலில் ஸ்டே கிடைக்காது. அதற்குள் எதிர்த்தரப்பு, தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் இ.பி. மனுவைப் போட்டுவிட்டது. கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அமீனா கடைக்கு வந்து நின்ற அன்று கட்சிக்காரர் எனக்கு போன் செய்தார். அவர் திட்டவில்லை, "தம்பி, ஏதாவது பண்ணுங்க" என்றார். மனு செலவுத்தொகையோடு அனுமதி ஆனது. அந்தத் தொகையை சார் கட்டினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நம் தம்பியின் நகலுக்கு வருவோம். கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஆறு நாள்தான் மிச்சம் இருந்தது. நான்காவது நாளில் தாக்கல் செய்தோம்.

வாய்தாவை ஆப்பில் மட்டும் பார்ப்பது

இ-கோர்ட்ஸ் ஆப் நல்ல வசதி. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் வழக்கின் நிலை வந்து நிற்கும். ஆனால் அடுத்த தேதியை ஏற்றுவது ஒரு மனிதர். சில நாள் தாமதமாக ஏற்றுவார், சில நாள் 'எதிருரைக்காக' என்பதற்கு 'விசாரணைக்காக' என்று ஏற்றுவார். கோர்ட்டில் கூப்பிடும்போதே காதால் கேட்டு, டைரியில் எழுதி, சந்தேகம் இருந்தால் பெஞ்ச் கிளார்க்கிடம் பணிவாகக் கேட்டுவிடுங்கள். நம் தரப்பு வரவில்லை என்று எக்ஸ்பார்ட்டி ஆனபின் ஆப்பைக் காட்டி வாதாட முடியாது.

ரிட்டர்ன் ஆன பேப்பரை பீரோவில் வைப்பது

வைக்காதீர்கள். கோர்ட் குறை சொல்லித் திருப்பிய மனுவைச் சரிசெய்து மறுபடி போடவும் கெடு உண்டு.

செக் கேஸில் கவரைத் தூக்கி எறிவது

செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், செக் கொடுத்தவர் அதை வாங்கியபின் பணம் தர 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். இதை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள், 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதித் திரும்பி வந்த கவரைப் பிரித்து, உள்ளே இருப்பது நம் நோட்டீஸ்தானே என்று குப்பையில் போடுகிறார்கள். அந்தக் கவர்தான் சாட்சி. பிரிக்காமல் கேஸ் கட்டோடு சேர்த்து வையுங்கள்.

கட்சிக்காரரிடம் "ஜெயிச்சிடும்" என்பது

நீங்கள் வக்கீல் இல்லை.

இன்டர்வியூவில் டைப்பிங் வேகத்தையே பேசுவது

தமிழும் ஆங்கிலமும் டைப் அடிக்கத் தெரிய வேண்டும், சரி. ஆனால் ஆள் எடுப்பவர் தேடுவது வேறு. கட்சிக்காரர் கொடுத்த பணத்துக்குக் கேட்காமலே கணக்கு எழுதுவாரா, ஒரு தரப்பு ரகசியத்தை டீக்கடையில் பேசாமல் இருப்பாரா, தப்பு செய்தால் அன்றைக்கே வந்து சொல்வாரா என்று பார்ப்பார்கள். மறைத்து வைத்த தப்புதான் ஆபீஸைக் கவிழ்க்கும். பிழை இல்லாத குமாஸ்தாவை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

எங்கள் சார் பழைய தீர்ப்பு நகல் ஒன்றை நீட்டி, "கடைசி நாள் என்னப்பா?" என்பார். முன்பக்கத்தைப் படிக்க ஆரம்பிப்பவரிடம், "சரி, சொல்லி அனுப்புறேன்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். நம் தம்பி வந்த அன்று சார் ஊரில் இல்லை. அவரை எடுத்தது நான்தான், டைப்பிங் வேகத்தைப் பார்த்து.