சாண்டோரினியில் திராட்சைக் கொடியைக் கூடையாகப் பின்னுவது எப்படி?

கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவில் திராட்சைக்குப் பெரும்பாலும் பந்தல் கிடையாது. கோடையில் ஏஜியன் கடலிலிருந்து வீசும் மெல்டெமி காற்று தளிரை ஒடித்துவிடும். அதனால் கொடியைத் தரையோடு தரையாகக் கூடை மாதிரி பின்னிவிடுகிறார்கள். இதற்குப் பெயர் கூலூரா.

குளிர்காலத்தில், கொடி உறங்கும்போதுதான் கவாத்து செய்ய வேண்டும். போன வருடம் விட்ட நல்ல தண்டுகளில் சிலதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். வைத்ததை மெதுவாக வளைத்து, பழைய வளையத்தின் மேலேயே சுற்றிச் செருகுங்கள். முறுக்கும்போது லேசாக 'கிரீச்' என்றால் பரவாயில்லை, 'படக்' என்றால் போச்சு. தளிர்கள் வெளிப்பக்கம் வளர்ந்து, குலைகள் கூடைக்குள் காற்றும் வெயிலும் படாமல் தொங்க வேண்டும், அதுதான் கணக்கு.

தண்ணீர்? கோடையில் மழையே இல்லை. இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தை, துளைகள் நிறைந்த எரிமலைக் கல்லான பியூமிஸும் எரிமலைச் சாம்பலும் கலந்த மண் பிடித்துவைத்துக்கொள்ளும். களிமண் அநேகமாக இல்லாததால் வேரைத் தாக்கி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்சேரா பூச்சி இங்கே பிழைக்கவில்லை, ஆகவே அந்தப் பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக்கட்டும் வேலையும் மிச்சம்.

ரகம் என்றால் முதலில் அசிர்டிகோதான். இவ்வளவு வெயிலிலும் புளிப்பு குறையாது. கூடை பல பத்தாண்டுகள் கழித்து ஓய்ந்துபோனால் அடியோடு வெட்டிவிடுங்கள், பழைய வேரே புதுத் தளிர் விடும். அப்புறம் முதல் வளையத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.