தோலை வெட்டாமல் உள்ளே பார்க்க: ஓசிடியையும் கன்ஃபோகல் நுண்ணோக்கியையும் இணைக்கும் முறை

தோலில் ஐயத்துக்குரிய ஒரு திட்டைக் கத்தி படாமல் ஆராய ஒரே கருவியை நம்பக் கூடாது. 1300 நானோமீட்டரை ஒட்டிய அலைநீள ஒளியில் இயங்கும் ஓசிடி (OCT, தோலிலிருந்து திரும்பி வரும் ஒளியைக் கொண்டு உள்ளடுக்குகளைப் படமாக்கும் கருவி) 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் வரை நெடுக்குவெட்டாகக் காட்டும். ஆனால் செல்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டாது. 830 நானோமீட்டர் லேசரைக் கொண்ட கன்ஃபோகல் (ஒரே ஆழத்திலிருந்து வரும் ஒளியை மட்டும் பிரித்தெடுத்துக் கிடைவெட்டாகக் காட்டும் நுண்ணோக்கி) செல்களின் உருவைத் தெளிவாகக் காட்டினாலும், ஏறத்தாழ 200 மைக்ரோமீட்டருக்குக் கீழே படம் மங்கிவிடும். ஆகவே எவ்வளவு ஆழம் என்பதை ஓசிடியிடமும், என்ன நோய் என்பதைக் கன்ஃபோகலிடமும் கேட்க வேண்டும்.

முதலில் தோலில் பூசிய களிம்பைத் துடைத்து, முடியைக் கத்தரித்து, தோலின் மேற்பரப்பைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பால் ஒரு படம் எடுங்கள். அடுத்து ஓசிடி. அதன் முனையை மெல்லத் தொட்டபடி மட்டுமே வையுங்கள். அழுத்தினால் நுண்குழாய்களிலிருந்து ரத்தம் விலகி, ஓசிடி தரும் ரத்த ஓட்டப் படம் வெறுமையாகிவிடும். பிறகு கன்ஃபோகலின் ஒட்டு வளையத்தைப் பொருத்தி, தோலுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு துளி எண்ணெயும், கண்ணாடிக்கும் லென்சுக்கும் இடையே நீர் கலந்த ஜெல்லும் இடுங்கள். சிறு காற்றுக் குமிழி சிக்கினாலும் அந்த இடத்தில் செல்கள் தெரியாது. தயங்காமல் கழற்றி மறுபடி ஒட்டுங்கள்.

இரு படங்களும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றனவா என்பதே இந்த வேலையின் உயிர்நாடி. வளையம் தோலை இழுத்துவிடுவதால் அளவுகோலை நம்பாதீர்கள், மயிர்க்கால்களை நம்புங்கள். கன்ஃபோகலின் கிடைவெட்டில் வட்டமாகத் தெரியும் அதே மயிர்க்கால், ஓசிடியின் நெடுக்குவெட்டில் மேலிருந்து கீழிறங்கும் கருங்கோடாகத் தெரியும். அருகருகே உள்ள மூன்று மயிர்க்கால்கள் அமைக்கும் முக்கோணம் டெர்மாஸ்கோப், ஓசிடி, கன்ஃபோகல் என மூன்று படங்களிலும் பொருந்தினால்தான் மேலே செல்ல வேண்டும்.

தோல் புற்றுநோயின் ஒரு வகையான அடித்தள செல் புற்று ஓசிடியில் கருமையான முட்டை வடிவக் கூடுகளாகத் தெரியும். கன்ஃபோகலில் அக்கூட்டின் ஓரத்தில் செல்கள் வேலிக்கால்களைப் போல வரிசையாக நிற்கும், அதைச் சுற்றி இருண்ட பிளவும் இருக்கும். கூடு 500 மைக்ரோமீட்டர் ஆழத்தில் இருந்தால் கன்ஃபோகலில் எதுவும் தெரியாது. அதைக் கொண்டு நோயில்லை என்று எழுதிவிடக் கூடாது.

தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளின் நிலை தேவையென்றால் மட்டும் இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கியைச் (இரண்டு ஒளித்துகள்கள் ஒருசேரச் செயல்படுவதைப் பயன்படுத்துவது) சேருங்கள். 800 நானோமீட்டர் ஒளி பட்டால் கொலாஜன் சாயம் எதுவுமின்றியே 400 நானோமீட்டரில் ஒளிரும். தோலின் நிறமியான மெலனின் ஒளியை உறிஞ்சிச் சூடாகும் என்பதால், கருநிறத் தோலில் மிகக் குறைந்த திறனில் தொடங்குங்கள்.

பயாப்ஸி தேவைப்பட்டால், அந்த மயிர்க்கால் முக்கோணத்தைக் குறித்த படத்தையும் ஓசிடி காட்டிய ஆழத்தையும் நோய்க்கூறியல் மருத்துவருக்குச் சேர்த்தே அனுப்புங்கள்.