குழந்தை முகம் பார்த்தால் முடி கொட்டுமா? மூலிகை வைத்தியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்" என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். என் தங்கைக்குப் பிரசவமான மூன்றாவது மாதம் அப்படியேதான் நடந்தது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி. தலைக்குக் குளித்தால் தண்ணீர் போகும் துளை அடைத்துக்கொள்ளும். பயந்துபோன அம்மா கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சினார். பக்கத்து வீட்டு அத்தை வெந்தயம் அரைத்துப் பூசச் சொன்னார். மாமியார் வீட்டில் சின்ன வெங்காயச் சாறு. ஆறேழு மாதத்தில் கொட்டுவது நின்றது. நெற்றியோரம் குட்டிக் குட்டியாகப் புது முடி முளைத்தது. தங்கள் வைத்தியம்தான் கேட்டது என்று மூன்று பேருமே இன்றுவரை நம்புகிறார்கள்.

அந்தச் சொலவடையில் பாதி உண்மை. ஒரு முடி 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளரும். பிறகு வளர்ச்சி நின்று, சுமார் 3 மாதம் சும்மா வேரில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு உதிரும். அதே இடத்தில் அடுத்த முடி கிளம்பும். தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி இருக்கிறது. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் பல முடிகளை உதிரவிடாமல் பிடித்து வைத்திருக்கும். பிரசவம் ஆனதும் அவை மொத்தமாக ஓய்வுக்குப் போய், மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும். குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். நம் பாட்டிகள் காலத்தைச் சரியாகக் கவனித்திருக்கிறார்கள். காரணம்தான் குழந்தையின் முகம் அல்ல.

டெங்கு, டைபாய்டு, அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தது, வீட்டில் ஒரு சாவு என்று எதுவானாலும் இதே கணக்குதான். இன்று கொட்டும் முடிக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் முன்னால் இருக்கும். நாமோ நேற்று மாற்றிய ஷாம்புவையும், புதிதாகக் குடிபோன வீட்டின் போர் தண்ணீரையும் குற்றம் சொல்கிறோம். எண்ணெய் தேடி ஓடுவதற்கு முன்னால் காலண்டரைப் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் கையில் எந்த எண்ணெய் இருக்கிறதோ, அதற்குப் பெயர் போய்விடும். வீட்டுக்கு ஒரு 'கைகண்ட' எண்ணெய் இருப்பது இப்படித்தான்.

தலையில் தேய்க்கிறோம், வயிற்றை மறக்கிறோம்

நான் சொல்ல விரும்பும் முக்கியமான தவறு இதுதான். தங்கைக்குத் தானாக நின்றது. எனக்கு நிற்கவில்லை. சில வருடங்களுக்கு முன் என் பின்னல் மெல்ல மெல்ல இளைத்துக்கொண்டே வந்தது. ஒரு வருடம் முழுக்கச் செம்பருத்தி, கறிவேப்பிலை, வேம்பாளம்பட்டை என்று மாற்றி மாற்றித் தேய்த்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். இதையெல்லாம் முடியோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. வேறு எதற்கோ ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது. ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்து நான்கைந்து மாதம் கழித்துத்தான் கொட்டுவது நின்று புது முடி முளைத்தது. அந்த ஒரு வருடத்தை எண்ணெயில் கரைத்ததை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படும்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். தைராய்டு கோளாறும், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் முடியைக் கொட்ட வைக்கும். எண்ணெய் காய்ச்சுகிற செலவோடு ஒரு ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் போட்டால் அதன் வைட்டமின் சி தலைக்குப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். வைட்டமின் சி தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதே நெல்லிக்காயைத் துவையலாகவோ பச்சையாகவோ கீரைச் சாப்பாட்டோடு சாப்பிட்டால், கீரையின் இரும்பை உடல் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் நேர்மாறு. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, அதையே எண்ணெயில் கொதிக்கவைத்துத் தலையில் தேய்க்கும் வீடுகள்தான் நம்மிடம் அதிகம்.

அப்படியானால் எண்ணெயால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வேறு பயன். வெளியே தெரியும் முடித்தண்டு உயிரில்லாதது. தேங்காய் எண்ணெய் அதற்குள் ஓரளவு ஊடுருவி, அலசும்போதும் சீவும்போதும் புரதம் வீணாவதைக் குறைக்கும். அதனால் முடி பாதியில் உடைவது குறையும், அடர்த்தியாகத் தெரியும். செம்பருத்தி இலையின் வழவழப்பும் வெந்தயத்தின் கொழகொழப்பும் சிக்கு விழாமல் காப்பதால் உடைவது குறையும். வேரிலிருந்து உதிர்வது வேறு, நடுவில் ஒடிவது வேறு. விழுந்த முடியின் நுனியைப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தால் வேரிலிருந்து வந்தது. இல்லாமல் குட்டையாக இருந்தால் ஒடிந்தது. ஒடிவதற்கு எண்ணெய் நல்ல துணை. உதிர்வதற்குக் காரணத்தைத் தேடத்தான் வேண்டும்.

செடியும் எண்ணெய் காய்ச்சுவதும்

கரிசலாங்கண்ணி என்று நினைத்து வேறு செடியைப் பறித்து வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெள்ளைப்பூ கரிசலாங்கண்ணி, அதாவது கையாந்தகரை, வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஈரத்தில் வளரும். இலை சொரசொரப்பாக இருக்கும், பூ சட்டைப் பொத்தான் மாதிரி சிறியது. காய்ந்த தரையில் நீளமான காம்பின் உச்சியில் ஒற்றைப் பூவோடு நிற்பது வெட்டுக்காயப் பூண்டு. பூங்காக்களில் தரை மூடப் படர்ந்து மஞ்சளாகப் பூக்கும் அழகுச் செடியை மஞ்சள் கரிசாலை என்று பறிப்பவர்களும் உண்டு. சோதிக்க எளிய வழி இருக்கிறது. தண்டை ஒடித்து விரல்களுக்கு நடுவில் கசக்குங்கள். கரிசலாங்கண்ணிச் சாறு சற்று நேரத்தில் விரலிலேயே கறுத்துவிடும். சாக்கடை ஓரத்துச் செடி மட்டும் வேண்டாம்.

காய்ச்சும்போது நடக்கும் தவறு, ஈரத்தை மிச்சம் வைப்பது. பச்சை இலைச் சாற்றை எண்ணெயில் ஊற்றியதும் சடசடவென்று பொரியும். அந்தச் சத்தம் இருக்கும்வரை உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அம்மா சிறு தீயில் வைத்து, அடியில் தங்கும் கசடைக் கரண்டியால் எடுத்து விரலில் உருட்டிப் பார்ப்பார். முதலில் சேறு மாதிரி ஒட்டும், பிறகு மெழுகு மாதிரி உருளும், கடைசியில் மணல் மாதிரி நறநறக்கும். அதற்கு மேல் போனால் கருகிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துவார். படபடவென்று வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கி, ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் வடித்து, காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றுவார். சூட்டோடு பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றவே கூடாது. ஈரம் தங்கிய எண்ணெயில் பூஞ்சை பிடிக்கும். காறல் வாடை வந்துவிட்டால் எவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சியிருந்தாலும் தலைக்கு வேண்டாம்.

எண்ணெயின் நிறத்தை வைத்து அதன் வீரியத்தை எடைபோட வேண்டாம். வேம்பாளம்பட்டை போட்டால் எந்த எண்ணெயும் ரத்தச் சிவப்பாகிவிடும். அது சாயம், அவ்வளவுதான்.

பொடுகு உள்ள தலையில் ராத்திரி முழுக்க எண்ணெய் ஊறவிடுவதும் தவறு. பொடுகோடு தொடர்புடைய பூஞ்சை, எண்ணெயின் கொழுப்பைத் தின்றுதான் பெருகும். எண்ணெய் வைத்தால் செதில் ஈரமாகி ஒட்டிக்கொள்வதால் பொடுகு போனது போலத் தெரியும். இரண்டு நாளில் அதிகமாகத் திரும்பி வரும். முதலில் பொடுகைச் சரிசெய்யுங்கள். பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பு போதும், அதை 'கெமிக்கல்' என்று ஒதுக்க வேண்டியதில்லை. எண்ணெய் வைத்தாலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அலசிவிடுங்கள்.

'இயற்கைதானே' என்ற துணிச்சல்

சின்ன வெங்காயம் பழைய கைவைத்தியம். புழுவெட்டுக்குத்தான் அதைச் சொல்வார்கள். காசு அளவுக்கு வட்டமாக முடி போகும் அந்த நோயில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலின் எதிர்ப்பு சக்தியே முடிவேரைத் தாக்குகிறது. 2002இல் ஈராக்கில் ஒரு சிறிய ஆய்வில் வெங்காயச் சாறு தேய்த்த புழுவெட்டு நோயாளிகள் பலருக்கு முடி முளைத்தது. ஆனால் கலந்துகொண்டவர்கள் நாற்பதுக்கும் குறைவு. சின்ன வட்டங்கள் பலருக்கும் ஒரு வருடத்துக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். அப்புறம், புழுவெட்டுக்குச் சொன்னதை எல்லா முடி உதிர்வுக்கும் நீட்டியது நம் வேலை. தோல் எரிந்து புண்ணாகும்வரை தேய்ப்பவர்களும் உண்டு. புண் ஆழமாகித் தழும்பானால் அந்த இடத்தில் முடி முளைக்காது.

குன்றிமணியும் ஊமத்தையும் சேர்ந்த தலை எண்ணெய்கள் சித்த, ஆயுர்வேத முறைகளில் உண்டு. இரண்டும் விஷச் செடிகள். விஷத்தை முறிக்கும் சுத்தி முறை தெரிந்த மருத்துவர் கையாள வேண்டியவை. யூடியூப் பார்த்து அடுப்படியில், அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில், செய்யாதீர்கள். எலுமிச்சைச் சாற்றை நேரடியாகத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துப்போகும். சோற்றுக்கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் அரிப்பைத் தரும். மடலைக் கொஞ்ச நேரம் சாய்த்து வைத்து வடியவிட்டு, உள்ளே இருக்கும் சோற்றைக் கழுவி எடுங்கள். மருதாணி செம்பழுப்பு நிறம்தான் தரும். கன்னங்கரேல் என்று சில நிமிடங்களில் பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யில் பி.பி.டி. என்ற ரசாயனச் சாயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சிலருக்கு அதனால் முகமே வீங்கிவிடும். புதிதாக எதைப் பூசினாலும் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குக் கொண்டுபோங்கள்.

இப்போது ரோஸ்மேரி என்ற வெளிநாட்டு மூலிகையின் அலை அடிக்கிறது. 2015இல் ஈரானில் ஆண்வகை வழுக்கை உள்ள 100 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெய், பாதிப் பேருக்கு வழுக்கைக்குத் தலையில் பூசும் மருந்தான மினாக்ஸிடில், 2 சதவீதம். மூன்றாவது மாதத்தில் இரு பக்கமும் சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆறாவது மாதத்தில் இரண்டிலும் முடி கூடியிருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் எதுவுமே பூசாத ஒரு குழுவை ஒப்பிடவில்லை. ஆண்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது 5 சதவீத மினாக்ஸிடில். ஒரே ஒரு ஆய்வை வைத்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ரோஸ்மேரித் தைலத்தை அப்படியே தலையில் ஊற்றினால் எரியும். 10 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு மூன்று நான்கு சொட்டு போதும். ரோஸ்மேரி இலையை ஊறவைத்த தண்ணீரோ தேங்காய் எண்ணெயோ அந்த ஆய்வில் இல்லை.

அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது 'ஆறு மாதம்' என்ற கணக்கு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். இரண்டு வாரத்தில் பலன் இல்லையென்று எண்ணெய் மாற்றுபவருக்கு எதுவும் வேலை செய்ததா இல்லையா என்றே தெரியாது. ஒரே சமயத்தில் நான்கைப் பூசுபவருக்கும் அதே கதி. '7 நாளில் நிற்கும்' என்று விற்பவரை நம்ப வேண்டாம். மருந்துகள் எவற்றைக் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று இந்தியாவின் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் வழுக்கையும் உண்டு.

இளைஞர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நெற்றி இரு பக்கமும் மேலேறுவதும் உச்சி இளைப்பதும் பரம்பரை வழுக்கை. வேர் வருடா வருடம் சுருங்கிக்கொண்டே போகும். முற்றிலும் சுருங்கிப்போன வேரை எந்த மூலிகையும், எந்த மருந்தும் திருப்பிக் கொண்டுவராது. கரிசலாங்கண்ணி முடி வளர்த்ததாகச் சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளிடம் நடந்தவை. இருபது வயதில் ஆரம்பித்துவிட்டு முப்பதுவரை எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்த பிறகு தோல் மருத்துவரிடம் போனால், காப்பாற்றியிருக்கக்கூடிய முடி போயிருக்கும். எண்ணெய் தேய்க்க ஆசையிருந்தால் தேய்த்துக்கொள்ளுங்கள், சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தையின் தலையில் செதிலோடு திட்டாக முடி உடைந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு எண்ணெய் போதாது, உள்ளுக்கு மாத்திரை வேண்டும். புருவமும் சேர்ந்து கொட்டினாலோ, தலைத்தோல் துளைகளே தெரியாமல் பளபளவென்று ஆனாலோ, சீழ் வைத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மற்றவர்கள் மாதம் ஒரு தடவை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே வகிடெடுத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தப் போட்டோக்களையும், கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், சாப்பிட்ட மாத்திரைகள், தேய்த்த எண்ணெய் எல்லாவற்றையும் எழுதிய ஒரு தாளையும் எடுத்துப்போங்கள்.