ஆஸ்திரேலியாவுக்கு ஜப்பான் காரை இறக்குமதி செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பான் ஏலப் படங்களைக் காட்டி "இதை எடுத்துடலாமா அண்ணா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பல வருடங்களுக்கு முன்பு மற்றவர்கள் பணத்தைத் தொலைத்த அதே இடத்தில்தான் இவர்களும் தொலைக்கிறார்கள். ஏலத் தாளில் கிரேடு பார்ப்பது, ஓடிய கிலோமீட்டரைச் சரிபார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

அனுமதி வருமுன் கப்பலில் ஏற்றுவது

எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது இதில்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி டொயோட்டாவின் ஹைபிரிட் அல்பார்ட் வேன் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். "அல்பார்ட் லிஸ்டில் இருக்கு, வண்டி வரட்டும், பேப்பரைப் பிறகு பார்க்கலாம்" என்று விற்றவர் சொல்ல, இவரும் நம்பி ஏற்றிவிட்டார். வண்டி துறைமுகத்தில் இறங்கியபோது கையில் இறக்குமதி அனுமதி இல்லை. அவர் போன வொர்க்ஷாப்பின் மாடல் ரிப்போர்ட்டில், அதாவது ஒரு மாடலை ஆஸ்திரேலியத் தரத்துக்கு எப்படி மாற்றுவது என்று சொல்லும் ஆவணத்தில், பெட்ரோல் வகை மட்டும்தான் இருந்தது. வேறு வொர்க்ஷாப் தேடி அலைந்த நாளெல்லாம் துறைமுக வாடகை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் வண்டியைத் திருப்பி அனுப்பினார். கப்பல் கூலி இரண்டு முறை போனதுதான் மிச்சம்.

"லிஸ்டில் இருக்கு" என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். அந்த லிஸ்ட் என்பது செவ்ஸ் பதிவேடு, இறக்குமதிக்குத் தகுதியான சிறப்பு வண்டிகளின் அரசுப் பட்டியல். அதில் வெறும் பெயர் இருந்தால் போதாது, உங்கள் வண்டியின் மாடல் கோடும் தயாரிப்புக் காலமும் அதற்குள் வர வேண்டும். அல்பார்டிலேயே ஏஜிஹெச்30 என்றால் பெட்ரோல், ஏவைஹெச்30 என்றால் ஹைபிரிட். வெளியே பார்த்தால் ஏறக்குறைய ஒன்று, காகிதத்தில் வேறு வண்டி. அந்தக் கோடு ஏலத் தாளிலும் ஜப்பான் ஏற்றுமதிச் சான்றிதழிலும் இருக்கும். அதற்கு மாடல் ரிப்போர்ட் இருக்கிறதா, அதை வைத்து வேலை செய்ய அனுமதி பெற்ற வொர்க்ஷாப் உங்கள் வண்டியை எடுத்துக்கொள்ளுமா என்று ஏலத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் ரோவர் எனப்படும் அரசு இணையதளத்தில் விண்ணப்பம், அனுமதி, அதற்குப் பிறகுதான் கப்பல்.

"எல்லாரும் இப்படித்தான் ஏற்றுறாங்க" என்று ஏஜென்ட் சொல்வார். அனுமதி இல்லாமல் இறக்குவது சட்டப்படி குற்றம். அபராதமும் சேமிப்புக் கட்டணமும் வருவது உங்கள் பெயருக்கு, அவர் பெயருக்கு இல்லை.

பிளேட் இல்லையே என்று பயப்படுவது

பழைய முறையில், வண்டி ஆஸ்திரேலியத் தரத்துக்கு ஒத்துப்போகிறது என்று காட்டும் கம்ப்ளையன்ஸ் பிளேட்டைக் கதவோரத்திலோ இன்ஜின் அறையிலோ அடித்திருப்பார்கள். 2018-ம் ஆண்டின் சாலை வாகனத் தரநிலைச் சட்டம் 2021 ஜூலை 1-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி இப்போது பிளேட்டுக்குப் பதில் ராவ் எனப்படும் அங்கீகரிக்கப்பட்ட வாகனப் பதிவேட்டில் வண்டியைச் சேர்க்கிறார்கள். வண்டி அதில் ஏறிவிட்டதா என்று வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) போட்டு நீங்களே பார்க்கலாம். வொர்க்ஷாப்புக்கு மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள். பழைய முறையில் வந்த வண்டிகளுக்குப் பிளேட் இன்றும் செல்லும், அதைப் பிடுங்கிவிட வேண்டாம்.

25 வருடக் கணக்கைத் தவறாகப் போடுவது

பழைய வண்டி என்ற வகையில் இறக்குமதி செய்ய வண்டிக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு, வண்டியைத் தயாரித்த மாதத்திலிருந்து. ஏற்றுமதிச் சான்றிதழில் இருப்பது முதல் பதிவு மாதம், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தயாரிப்பு மாதத்துக்குத் தனியாகச் சான்று வாங்கி வையுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ்

2003 டிசம்பர் 31 முதல் தடை. பழைய வண்டிகளின் பிரேக் பேட், கேஸ்கெட்டில் இருக்கலாம். ஏற்றும் முன்பே சோதித்து மாற்றுங்கள்.

ஜிஎஸ்டியை வண்டி விலைக்கு மட்டும் கணக்கிடுவது

10 சதவீதம். கப்பல் கூலி, காப்பீடு, சுங்கவரி எல்லாம் சேர்த்த தொகைக்கு.

அடிப்பாகத்து மண்

ஜப்பானிலேயே கழுவச் சொல்லுங்கள். இங்கே உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகள் கண்டுபிடித்தால் சுத்தம் செய்யும் செலவும் உங்களுடையதுதான்.