ரோபோ கையின் கட்டளைகளை ஏஐ ஏஜென்டுக்கு எழுதிக் கொடுக்கும்போது விடுகிற பிழைகள்

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு சின்ன அறையில், மேசையில் பூட்டிய ஆறு மூட்டு ரோபோ கை ஒன்றை வைத்து நானும் சில பொடியன்களும் வேலை செய்கிறோம். இப்போது கையை ஓட்டுவது ஏஐ ஏஜென்ட். நாங்கள் எழுதிக் கொடுத்த கட்டளை விளக்கத்தை வாசித்துவிட்டு, எதை எப்போது அனுப்புவது என்று அதுவே முடிவெடுக்கும். விளக்கத்தில் ஒரு வரி குறைந்தால் மனிதன் மேசையைப் பார்த்துச் சமாளிப்பான், ஆனால் எங்கள் ஏஜென்டுக்கு கமரா இல்லை, எழுத்து மட்டும்தான்.

எங்களுக்கு நடந்ததையே சொல்கிறேன். 'கீழே இறங்கு' என்று ஒரு கட்டளை. ஏஜென்ட் 50 மில்லிமீற்றர் என்று அனுப்பியது, கையும் இறங்கத் தொடங்கிவிட்டது, ஆனால் பதில் வரப் பிந்தியதால் கட்டளை போய்ச் சேரவில்லை என்று எடுத்துக்கொண்டு அதே 50ஐத் திரும்பவும் அனுப்பியது. நுனிக்கும் மேசைக்கும் இடையில் 80தான் இருந்தது. நுனியில் பொருளைப் பிடிக்கிற கிரிப்பரின் ஒரு விரல் வளைந்துபோனது. 'நிற்கிற இடத்திலிருந்து இன்னும் 50' என்பதுதான் அந்தக் கட்டளையின் பொருள் என்று நான் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அதனால், முடிந்தவரை 'இவ்வளவு நகர்' என்று கொடுக்காமல் 'இந்த இடத்துக்குப் போ' என்று கொடுங்கள், இரண்டு தடவை அனுப்பினாலும் கை அங்கேயேதான் நிற்கும். நகர்த்தும் கட்டளை கட்டாயம் வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் வைத்து, ஒரே இலக்கம் மறுபடி வந்தால் கையை இயக்குகிற கொன்ட்ரோலர் அதைச் செய்யாமல் விடும்படி வையுங்கள். அப்புறம் பதில். 'சரி' என்று மட்டும் வந்தால், கட்டளை கிடைத்ததா, கை போய்ச் சேர்ந்ததா என்று ஏஜென்டுக்குத் தெரியாது. இரண்டையும் பிரித்து எழுதி, கை கடைசியில் நின்ற இடத்தையும் பதிலோடு திருப்பி அனுப்ப வேண்டும்.

அடுத்தது எந்தப் பக்கம் என்ற கேள்வி. மட்டக்களப்பு ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. எழுவான்கரை, படுவான்கரை, அதாவது வாவியின் கிழக்குக் கரை, மேற்குக் கரை என்றால் நாம் எங்கே பார்த்து நின்றாலும் மாறாது. வலப்பக்கம் என்றால் திரும்பியவுடன் மாறிவிடும். கையின் அடித்தளத்திலிருந்து அளப்பது முதல் வகை, கிரிப்பர் நுனியிலிருந்து அளப்பது இரண்டாவது வகை. கிரிப்பர் மேசையைப் பார்த்துக் குனிந்திருக்கும்போது நுனியின் 'முன்னே' என்பது மேசைக்குள் போகிற திசை. எந்தச் சட்டகம், அதாவது எங்கிருந்து அளக்கிறோம் என்பதை ஆவணத்தின் தொடக்கத்தில் ஒருமுறை எழுதிவிட்டு விடாமல், ஒவ்வொரு கட்டளையிலும் திரும்ப எழுதுங்கள். அலுப்பான வேலைதான், இருந்தாலும் செய்யுங்கள்.

அலகும் அப்படித்தான். யுனிவர்சல் ரோபோட்ஸ் நிறுவனத்துக் கைகளின் ஸ்கிரிப்டில் தூரம் மீற்றரில், கோணம் ரேடியனில், அதாவது நம் பாடப்புத்தகத்து ஆரையனில். கூக்கா நிறுவனத்துக் கைகளில் மில்லிமீற்றரும் பாகையும். மீற்றர் கேட்கிற இடத்தில் 300 என்று கொடுத்தால் எட்டாத தூரம் என்று கை மறுத்துவிடும், நல்லது. மில்லிமீற்றர் கேட்கிற நகர்த்தும் கட்டளையில் 0.3 கொடுத்தால்தான் ஆபத்து: கை மயிரிழை அசைந்துவிட்டு வெற்றி என்று சொல்லும், ஏஜென்டும் அதை நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடும். கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை நான்கு எண்களில் சொல்கிற குவாட்டர்னியனில், ஏபிபி நிறுவனத்துக் கைகள் டபிள்யூ என்ற எண்ணை முதலில் வைக்கும், ரொஸ் என்ற ரோபோ மென்பொருள் கடைசியில் வைக்கும். கிரிப்பரையும் விடாதீர்கள், ரோபோட்டிக் நிறுவனத்தின் 2எஃப்-85 கிரிப்பரில் 0 என்றால் திறப்பு, 255 என்றால் மூடல். எழுதாவிட்டால் ஏஜென்ட் நேர்மாறாக ஊகிக்க நல்ல வாய்ப்பு உண்டு.

'மெதுவாகப் போகவும்' என்று எழுதுவது கட்டுப்பாடு ஆகாது. வேக வரம்பும் போகக்கூடாத இடமும் கொன்ட்ரோலரிலேயே பூட்டப்பட வேண்டும், ஆவணம் அந்த எண்ணைச் சொன்னால் போதும். அவசர நிறுத்தப் பொத்தான் ஏஜென்டின் கையில் இல்லாமல் மனிதனின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

உதாரணங்களில்தான் பலர் கவனம் விடுகிறார்கள். ஏஜென்டுகள் உதாரணத்தில் உள்ள எண்ணை அப்படியே எடுத்து அனுப்பிவிடுவதுண்டு, ஆகவே உயரம் 0 என்று சும்மா ஓர் எண்ணைப் போடாமல், உங்கள் மேசையில் ஓட்டினால் ஒன்றிலும் இடிக்காத எண்ணைப் போடுங்கள். எழுதி முடித்ததும், இந்தக் கையைப் பற்றி எதுவும் தெரியாத புதிய ஏஜென்டிடம் ஆவணத்தை மட்டும் கொடுத்து, சிமியுலேட்டரில் ஒரு கோப்பையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அது ஊகித்து நிரப்புகிற ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்கள் இன்னும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது.