மேட்டூர்த் தண்ணீரில் சத்து போய்விடுமா?

அணையில் கரன்ட் எடுத்துவிட்டு அனுப்பும் தண்ணீரில் சத்து இருக்காது, சக்கைதான் வரும் என்று ஊர்ப்பக்கம் ஒரு பேச்சு உண்டு. கேட்டால் சிரிப்போம். "சரி, அப்படியென்றால் தண்ணீரிலிருந்து எதை எடுத்தார்கள்?" என்று திருப்பிக் கேட்டால் சிரித்தவர்களில் பாதிப்பேர் முழிப்பார்கள்.

எடுத்தது உயரத்தை. மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி. அங்கே நிற்கும் நீரின் நிலை ஆற்றல், இறங்கும்போது இயக்க ஆற்றலாக மாறி டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைனோடு சேர்ந்து ஜெனரேட்டர் சுற்றுகிறது. மீதி வேலை, ஃபாரடே 1831-ல் கண்ட மின்காந்தத் தூண்டலுடையது: கம்பிச்சுருளும் காந்தமும் ஒன்றுக்கொன்று நகர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். கீழே வரும் தண்ணீரில் உப்போ சத்தோ எதுவும் குறைவதில்லை.

கணக்குப் போட்டால்தான் விஷயம் உறைக்கும். வீதிக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தண்ணீரும் 120 அடி இறங்கினால் சுமார் 43 லட்சம் ஜூல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். இயந்திர இழப்பைக் கழித்தால் ஒரு லாரித் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட்தான் தேறும். 2,000 வாட் கீசரை அரை மணி நேரம் போட்டால் அந்த லாரி காலி!

அடுத்தது, படித்தவர்களும் செய்யும் தவறு: "நாளொன்றுக்கு 1,000 மெகாவாட் உற்பத்தி." செய்திகளில் அடிக்கடி வரும் வாக்கியம் இது. வாட் என்பதே 'நொடிக்கு இத்தனை ஜூல்' என்ற வீதம். அதற்குமேல் 'நாளொன்றுக்கு' என்பது, 'வண்டி நாளொன்றுக்கு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனது' என்று சொல்வது மாதிரி. மெகாவாட் திறன், யூனிட் ஆற்றல். 1,000 மெகாவாட் நிலையம் நாள் முழுக்க முழுத் திறனில் ஓடினால் 2.4 கோடி யூனிட். இதைக் குழப்பிக்கொண்டால் கமுதியின் 648 மெகாவாட் சோலார் நிலையம், கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் அணு அலகு ஒன்று தருவதில் மூன்றில் இரண்டு பங்கு தரும் என்று தோன்றும். ராத்திரி வெயில் ஏது? ஆண்டுச் சராசரி பார்த்தால் சோலார் தன் நிறுவுதிறனில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் தரும்.

கூடங்குளத்தில் அணுவைப் பிளந்ததும் நேராகக் கம்பியில் கரன்ட் வருவதாக நினைப்பவர்களும் உண்டு. இல்லை. அங்கேயும் தண்ணீரைச் சூடாக்கி, நீராவியால் டர்பைனைச் சுற்றுவதுதான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது, இங்கே யுரேனியம் பிளக்கிறது, அடுப்புதான் வேறு. அந்த அடுப்பு 3,000 மெகாவாட் வெப்பம் கொடுத்தால் மின்சாரமாவது 1,000. மிச்சத்தில் பெரும்பகுதி கடல்நீரோடு போகிறது.

பேட்டரி, இன்வெர்ட்டர் எதுவும் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, கொடுத்ததைச் சேர்த்துவைத்துத் திருப்பித் தருகின்றன, அதுவும் குறைத்து. ஆழியாறு பக்கம் மலையில் 400 மெகாவாட் கடம்பாறை நிலையமும் இதே வகைதான்: மின்தேவை குறைந்த நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவை கூடும்போது இறக்குவார்கள். ஏற்றச் செலவான யூனிட் முழுதாகத் திரும்பாது, தெரிந்தே செய்வதுதான். கரன்ட் போயிருக்கும்போது வீட்டு இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். காணாமல்போன யூனிட்டில் கொஞ்சம் அங்கேதான் இருக்கிறது.